தறி நின்ற ராத்திரி

ஐப்பசி 4

ராத்திரி ஒன்றரைக்குக் கரண்ட் போனது. எட்டுத் தறியும் ஒரேயடியாக நின்றன. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சாமளாபுரத்துக்கு விருந்தாளியாக வருகிறவர்களுக்குத் தறிச் சத்தத்தில் தூக்கம் வராது. எனக்கோ தறிக் குடோன் ஓடினால்தான் தூக்கம். நின்றுவிட்டால் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், இதோ உயிர் போகப்போகிறது என்றிருக்கும்.

2022-ல் பிடித்தது இது. முந்தின நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் கூலி உயர்வு என்று பேசி முடித்தார்கள். சொன்ன கூலி கைக்கு வரவில்லை. ஜனவரி 9 முதல் கோவை, திருப்பூர் மாவட்டக் கூலித் தறிகளை நிறுத்தினோம். ஊரே ஊமையானது. கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்தது. அந்த அமைதி இன்னும் என் உடம்பில் இருக்கிறது.

ஐப்பசி 6

பல்லடத்தில் டாக்டரைப் பார்த்தோம். ஈசிஜி சரி, தைராய்டும் சரி. "இதயத்துக்கு ஒண்ணுமில்லீங்க, பதற்றந்தான்" என்று ஒரு மாத்திரை எழுதினார். வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி நடக்கவும் சொன்னார். அத்தைக்குச் சிரிப்பு. "ஏனம்மிணி, நாளெல்லாம் தறிக்குள்ள நடக்கறவளுக்கு நடக்கறதுக்கு ஒரு சீட்டா?" எனக்கும் அப்படித்தான் பட்டது. யோசித்தால், தறிக்குள் நாலு எட்டு வைப்பதற்குள் எங்காவது இழை அறுந்துவிடுகிறது. நின்று முடிச்சுப் போட வேண்டும். அது நடையே இல்லை.

ஐப்பசி 9

விடியலில் குளத்தங்கரை. நொய்யல் தண்ணீர் வந்து நிறையும் குளம். கோவையின் சாக்கடையும் சேர்ந்தே வருகிறது, அது வேறு கதை. பத்து நிமிடம் வேகமாக நடந்ததும் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. அதே அடி. பயந்து உட்கார்ந்துவிட்டேன். நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. அது முழுசாகக் காயும்வரை எழவில்லை.

ஐப்பசி 23

மறுமுறை டாக்டரிடம், நடக்கும்போது நெஞ்சு அடித்ததைச் சொன்னேன். "அதுக்குத்தான் நடக்கச் சொன்னேன்" என்றார். பதற்றத்தில் இதயம் வேகமாக அடிப்பதும் நடையில் அடிப்பதும் உடம்புக்கு ஒரே அடிதானாம். தினமும் அடிக்கவிட்டு, ஒன்றும் ஆகாமல் வீடு திரும்பினால், அந்த அடி ஆபத்தில்லை என்று மூளை பழகிக்கொள்ளுமாம். உள்ளே இருந்த ஒரு பூட்டு திறந்த மாதிரி இருந்தது. இப்போது அடித்தால் அடிக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டுகிறேன்.

கார்த்திகை 2

பகலுக்கு நடை சரி. ராத்திரி ஒன்றரைக்குக் குளத்தங்கரைக்குப் போக முடியுமா? பக்கத்து வீட்டு அக்கா மனவளக்கலை மன்றத்துக்குக் கூட்டிப்போனார். அதைத் தொடங்கிய வேதாத்திரி மகரிஷி கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் 1911-ல் பிறந்தவர் என்றார்கள். தறிக்காரர் என்றதும் எனக்கு ஒரு நம்பிக்கை. கைப்பயிற்சி, கால் பயிற்சி எல்லாம் சுமார்தான், கபாலபதி எனக்கு ஒத்துவரவில்லை, வேகமாக மூச்சு விட்டால் பதற்றம் கூடுகிறது. கடைசியில் படுத்துக்கொண்டு பாதத்திலிருந்து தலைவரை ஒவ்வொரு உறுப்பாகத் தளர்த்துகிறார்கள் பாருங்கள், அது எனக்கானது. மூச்சை இழுத்ததைவிட மெதுவாக, நீளமாக விடுவதையும் சேர்த்துக்கொண்டேன். அப்படி விடும்போது நாடி இறங்குவது மணிக்கட்டைப் பிடித்தாலே தெரிகிறது.

கார்த்திகை 11

கோயில் திடலில் வள்ளி கும்மிப் பயிற்சி. மகள் இழுத்துக்கொண்டு போனாள். ஒருகாலத்தில் ஆண்கள் மட்டும் ஆடியது. பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது அவருக்கு வயது 87. என் 46-ஐச் சொல்லித் தப்பிக்க வழியில்லை.

முதல் நாள் மூன்று பேரை இடித்தேன். அடி முன்னே, அடி பின்னே, திரும்பு, கைதட்டு. பாட்டு வேகமெடுக்கும்போது தவணையை நினைத்தேன், பக்கத்துப் பெண்ணின் காலை மிதித்தேன். இங்கே வேறு எதையும் நினைக்க இடமில்லை. நடக்கும்போதுகூடக் கணக்குப் போடுகிறவள் நான். கும்மியில் முடிவதில்லை. நாற்பது பேரின் காலும் ஒன்றாக விழும் சத்தம் ஓடும் தறி மாதிரியே இருக்கிறது. சில ஊர் மேடைகளில் கும்மிக்கு நடுவே சாதிப் பெருமை பேசுகிறார்கள். எங்கள் வாத்தியார் அடியை மட்டும் பேசுகிறார். அதுவரைக்கும்தான் நானும் ஆடுவேன்.

மார்கழி 3

நேற்று ராத்திரி மறுபடி தறி நின்றது. விழித்தேன். நெஞ்சு அடித்தது. பாதத்திலிருந்து தொடங்கினேன், முழங்கால் வருவதற்குள் வீட்டுக்காரர், "ஏம்புள்ள, தண்ணி வேணுமா?" என்றார். மறுபடி பாதத்திலிருந்து. தூங்க முக்கால் மணி நேரம் ஆனது. முன்பெல்லாம் விடிந்துவிடும்.

மாத்திரை தொடர்கிறது. நிறுத்துவதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கும்மி அரங்கேற்றம் தையில். சலங்கை இன்னும் வாங்கவில்லை.