டாப் ஸ்டேஷனுக்கு ஒரு ராக்கெட்!

உங்க ஹாஸ்டல் ரூம்ல ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நாலு பேர் வட்டமா உட்கார்ந்து, இருபது முகம் உள்ள பகடையை உருட்டி, 'டிராகன் செத்துச்சா இல்லையா'னு அடிச்சுக்கிட்டிருந்தா... பயப்படாதீங்க, அவங்க எங்க ஜாதி. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் ஆரம்பிச்சு வெச்ச 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு அது. ஒருத்தர் கதை சொல்லணும், மத்தவங்க கதைக்குள்ள ஆளா நடிக்கணும், ஜெயிப்பதும் தோற்பதும் பகடை கையில். நம்ம தாயத்துக்கு வாய் முளைச்ச மாதிரினு வெச்சுக்கங்களேன்!

மூணு செமஸ்டரா டிராகனையே வெட்டி அலுத்துப்போச்சு. விண்வெளிக்குப் போகலாம்னு முடிவு பண்ணினோம். ரொம்ப சிம்பிள்னு நினைச்சோம். வாளை எடு, லேசர் வாள்னு எழுது. குதிரையை எடு, ராக்கெட்னு எழுது. முதல் நாளே கப்பல் கவிழ்ந்துச்சு! கப்பலை ஓட்டறவன் மட்டும் பகடை உருட்டிக்கிட்டே இருக்கான், மத்த மூணு பேரும் மிக்சர் தின்னுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். விதி எழுத மண்டையில ஒண்ணும் இல்லை. அப்பதான் எங்க செட்டு போடிக்காரன், "ஊருக்கு வாங்கடா, மலையைப் பார்த்துட்டு எழுதலாம்"னான்.

போடிநாயக்கனூர் போறது இப்ப ஈஸி. மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்திட்டு, அகலப் பாதை போடறோம்னு பன்னிரண்டு வருஷத்துக்கு மேல காக்க வெச்சு, ஒருவழியா 2023 ஜூனில் ரயில் திரும்ப வந்துடுச்சு. மதுரையில் ஏறி ஜன்னல் சீட்டைப் பிடிங்க. தேனி தாண்டியதும் மலை உங்க பக்கத்துல வந்து நிக்கும். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து கடைவீதிக்குள்ள நுழைஞ்சதும் மூக்குதான் முதல்ல ஊரைப் பார்க்கும். பாயசத்துல ஒண்ணே ஒண்ணு கடிபடுமே, அந்த வாசனை மூட்டை மூட்டையா! ஏலத்தையே ஏலம் விடுற ஊர் பாஸ் இது. ஸ்பைசஸ் போர்டோட ஏல மையம் இங்க இருக்கு.

விடிகாலை அஞ்சரைக்கு ஜீப் ஸ்டாண்டில் நின்னு பாருங்க. தூக்குவாளியும் தலைத்துண்டுமா தோட்டத்துக்குப் போற பெண்கள் ஜீப் ஜீப்பா கிளம்புவாங்க. போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவு. அதுக்கு மேல கேரளா... பூப்பாறை, சாந்தன்பாறைனு ஏலக்காட்டுக்குள்ள சிதறிடுவாங்க. சாயங்காலம் திரும்ப இதே பதினேழு வளைவு. தினமும்!

நாங்களும் ஒரு ஜீப்பில் தொத்திக்கிட்டோம். டிரைவர் வளைவை மட்டும்தான் பார்க்கிறார். முன் சீட்டு அக்கா எதிர்ல லாரி வருதானு குரல் கொடுக்கிறாங்க. பின்னாடி தொங்கறவர் ரிவர்ஸுக்கு "வரலாம் வரலாம்" தட்டுறார். எங்க ரூம்மேட் தன் வாந்திப் பையைத் தானே பிடிச்சுக்கிட்டிருக்கான். எல்லோருக்கும் வேலை! அடப்பாவி, இதுதானே எங்க கப்பல் சண்டைக்குத் தேவைப்பட்ட விதி! 2017-ல் வந்த 'ஸ்டார்ஃபைண்டர்' விளையாட்டிலும் கேப்டன், பைலட், இன்ஜினீயர், பீரங்கிக்காரர், சயின்ஸ் ஆபீசர்னு பிரிச்சுக் கொடுத்து, ஒவ்வொரு ரவுண்டிலும் ஆளுக்கொரு பகடை தருவாங்க. புத்தகத்துல படிச்சப்ப புரியாதது ஒன்பதாவது வளைவில் புரிஞ்சுது. (வாந்திப் பைக்காரனுக்கு 'லைஃப் சப்போர்ட்' பதவி.)

மறுநாள் குரங்கணி. இந்த மலையில இருக்கிற ஊர்ப் பேரெல்லாம் கேளுங்க... டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன், பாட்டம் ஸ்டேஷன். எந்த விண்வெளிக் கதைக்காரன் வெச்ச பேரும் இல்லை இது! நூறு வருஷம் முன்னால மூணாறு தேயிலை கீழே இறங்கின வழி. மூணாறுப் பக்கம் 1902-ல் குண்டளா பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுத்த வண்டி, 1908-ல் குட்டி ரயில். அது டாப் ஸ்டேஷனில் கொண்டுவந்து போடும் தேயிலைப் பெட்டி, கம்பிவடத்தில் ஆகாயத்தில் தொங்கிக்கிட்டே கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து வண்டியில் போடி. 1924 வெள்ளம் வந்து ரயிலைச் சுத்தமா வாரிக்கிட்டுப் போயிடுச்சு. ஸ்டேஷன் போச்சு, பேரு மட்டும் நிக்குது.

எங்க வரைபடம் அங்கேயே ரெடி! மூணு ஸ்டேஷன், நடுவுல சரக்கு மட்டும் போற ஒரே வடம். 1977-ல் மார்க் மில்லர் எழுதின 'டிராவலர்' விளையாட்டில் ஒரு சூப்பர் விதி உண்டு. ஒரு நட்சத்திரத்துல இருந்து இன்னொண்ணுக்குத் தாவ ஒரு வாரம் ஆகும். ரேடியோ கிடையாது, சேதியும் கப்பல்லதான் வரும். மலைக்குச் சரியா பொருந்துது. மேல என்ன நடந்துச்சுனு கீழே தெரியறதுக்குள்ள கதையே மாறிடும்ல?

ஆனா, எங்க விதிப் புத்தகத்தை உண்மையில திருத்தினது நண்பனோட அம்மா. முப்பது வருஷமா ஏலத்தோட்டத்துக்குப் போறவங்க. ராத்திரி சோறு போட்டுக்கிட்டே கேட்டாங்க.

"ஏய்யா, அந்தக் கப்பல்ல போற ஆளுகளுக்குக் கூலி யாரு குடுப்பா?"

"கூலி இல்லைம்மா, புதையல் கிடைக்கும்."

"கிடைக்கலைன்னா?"

முழிச்சோம். டிராவலர்ல புதையல் கிடையாது, கடன்தான்னு ஞாபகம் வந்து சொன்னேன். கப்பலோட ரொக்க விலையில் 240-ல் ஒரு பங்கை மாசாமாசம் கட்டணும், 480 மாசம். அம்மா கை நின்னுடுச்சு. "நாப்பது வருசமா? அப்ப ரெண்டு மடங்குல்ல கட்டுறான்! எங்க குழு லோனே தேவலை போலயே..." கால்குலேட்டர் எடுக்கிறதுக்குள்ள கணக்கு முடிஞ்சுடுச்சு! அதுக்கப்புறம் அவங்களே சரக்கும் சொன்னாங்க. பறிச்ச பச்சைக் காயைச் சட்டுனு ஸ்டோருக்குக் கொண்டுபோய் உலர்த்தணும். லேட்டானா பச்சை நிறம் போயிடும், நிறம் போனா விலை போச்சு. அஞ்சு கிலோ பச்சைக்குக் காய்ஞ்சது ஒரு கிலோ தேறும்.

டிராகன் புதையலை எல்லாம் அடிச்சுட்டோம். எங்க கப்பல் இப்ப ஏலக்காய் ஏத்துது! தாமதமாகும் ஒவ்வொரு நாளும் நிறத்துக்கு ஒரு பகடை, கடைசியில் விலைக்கு ஒரு பகடை. 'ஒண்ணு விழுந்தா வண்டி வாடகைகூடத் தேறாது, இருபது விழுந்தா கோடீஸ்வரன்... ரொம்ப ஓவரா இருக்கே'ன்னு தோணுச்சு. ஓவரே இல்லை. 2019 ஆகஸ்ட்டில் கிலோ ஏழாயிரம் ரூபாயைத் தொட்ட ஏலக்காய், 2022-ல் சராசரி ஆயிரத்துக்கும் கீழே விழுந்தது. "விலை ஏறினப்ப உங்க கூலி ஏறுச்சாம்மா?"னு கேட்டேன். சிரிச்சுட்டு ரசம் ஊத்தினாங்க.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் சண்டை. டிஅண்ட்டில ஒருத்தருக்கு எவ்வளவு அடி தாங்கும்னு எண் இருக்கும். லெவல் ஏற ஏற எண்ணும் ஏறும், அம்பு பட்டாலும் ஹீரோ நடந்துக்கிட்டே இருப்பார். விண்வெளியில சூட் கிழிஞ்சா லெவலாவது ஒண்ணாவது! அந்த ஆபத்தைக் காட்ட 'கிரகத்துல காட்டுத்தீ'ன்னு ஒரு காட்சி எழுதினேன். போடிக்காரன் பேப்பரை வாங்கி மடிச்சுட்டான். 2018 மார்ச் 11, இதே குரங்கணிச் சரிவு. ட்ரெக்கிங் வந்தவங்களைத் தீ சூழ்ந்து இருபதுக்கும் மேல உயிர் போச்சு. கீழே இருந்து முதல்ல ஏறி ஓடினது ஊர்க்காரங்க. அப்ப இவன் சின்னப் பையன். "நீ என்ன வேணா உருட்டு, தீயை மட்டும் உருட்டாதடா"ன்னான்.

உருட்டலை. எங்க விளையாட்டில் தீ கிடையாது. நீங்களும் குரங்கணி போனா வனத்துறை அனுமதி வாங்கிட்டு, அவங்க சொல்ற வழியில மட்டும் ஏறுங்க, ப்ளீஸ்.

கிளம்பற அன்னிக்கு அம்மா ஒரு பொட்டலம் ஏலக்காய் கொடுத்தாங்க. ஹாஸ்டல்ல அதைத்தான் இப்ப காசா வெச்சு விளையாடறோம். பிரச்னை என்னன்னா, 'லைஃப் சப்போர்ட்' அதிகாரி ராத்திரி டீயில எங்க கஜானாவைத் தட்டிப் போட்டுக் குடிச்சுக்கிட்டிருக்கார். பதினொண்ணுதான் பாக்கி. கப்பல் தவணை பன்னிரண்டு!