அடுத்த வசனம்

"படிப்பை முடித்தவர்கள் மீண்டும் கல்லூரி வாசலில் போய் நிற்பது எதற்காக?" என்று எங்களைக் கேளாதவர் இல்லை. பெற்றோர் கேட்டனர், உற்றார் கேட்டனர், பட்டம் பெற்ற கையோடு வேலைக்குச் சென்றுவிட்ட நண்பர்களும் கேட்டனர். ஓராண்டுக் காலத்தை ஆண்டவருக்கென ஒதுக்கி, காஞ்சிபுரத்து மாணவரிடையே பணியாற்றப் புறப்பட்ட எங்கள் இருவரிடமும் தெளிவான விடை அப்போது இல்லை. "இறையழைப்பு" என்று மட்டும் சொன்னோம். அது பொய்யன்று. ஆயினும் அந்தச் சொல்லின் பொருள் எங்களுக்கு விளங்கியது ஆண்டு முடியச் சில வாரங்களே எஞ்சியிருந்தபோதுதான். அதனை வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறோம்.

2023 சூன் திங்களில் நாங்கள் காஞ்சிக்கு வந்து சேர்ந்தோம். பிள்ளையார்பாளையத்தில், நெசவாளர் ஒருவரின் வீட்டு மாடியில் ஓர் அறை கிடைத்தது. இரண்டு பாய்கள், ஒரு மேசை, சுவரில் ஒரு பாடுபட்ட சுரூபம், வாசலில் இரண்டு மிதிவண்டிகள். எங்கள் உடைமை அவ்வளவே.

காஞ்சி இன்று நேற்று மாணவரைக் கண்ட ஊர் அன்று. பல்லவர் காலத்தில் இங்கிருந்த கடிகையில் கற்பதற்காகத் தொலைவிலிருந்தும் மாணவர் வந்தனர். பின்னாளில் கதம்ப அரசை நிறுவிய மயூரசர்மன் அவ்வாறு வந்தவனே என்று தாளகுந்தாக் கல்வெட்டு கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டில் சீனத்து யுவான் சுவாங்கும் இந்நகரைக் கண்டு சென்றார். இக்காலத்திலும் செய்யாறு, உத்திரமேரூர், வந்தவாசி முதலிய ஊர்களிலிருந்து பிள்ளைகள் விடியற்காலையிலேயே பேருந்து ஏறி இங்குள்ள கல்லூரிகளுக்கு வருகின்றனர். அவர்களுள் கத்தோலிக்கர் மிகச் சிலர். 2002-இல் செங்கற்பட்டு மறைமாவட்டம் தோன்றியது முதல் அம்மறைமாவட்டத்தைச் சேர்ந்துள்ள இப்பகுதியில், நம் பிள்ளைகள் பெருங்கூட்டத்தில் சிதறிய சில மணிகளைப் போன்றவர்கள்.

எங்கள் அன்றாட வாழ்வு எளியது. ஐந்து மணிக்கு எழுவோம். ஆறு மணித் திருப்பலிக்குச் செல்வோம். திரும்பி வரும்போது தெருவெங்கும் தறிச் சத்தம் எழத் தொடங்கியிருக்கும். தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்து, ஆணும் பெண்ணுமாய் நின்று இழைகளைச் சரிசெய்துகொண்டிருப்பார்கள். மிதிவண்டியை விட்டிறங்கி ஓரமாய்த் தள்ளிக்கொண்டு போவோம். ஒன்பது மணிக்குக் கல்லூரி வாசலருகே உள்ள தேநீர்க் கடைக்குச் செல்வோம். வெளியாரை உள்ளே விடுவதில்லை என்பது கல்லூரியின் விதி. அதனை நாங்கள் மீறியதில்லை. கடைப் பலகையில் அமர்ந்து, வருவோரோடு பேசுவோம், வராதோருக்காகச் செபிப்போம். மாலையில் விடுதிகளுக்கும் வாடகை அறைகளுக்கும் சென்று நம் பிள்ளைகளைச் சந்திப்போம். வெள்ளிக்கிழமைதோறும் ஐந்தரை மணிக்குப் பங்கு மன்றத்தில் விவிலியக் கூட்டம். இரவு உணவைப் பங்குக் குடும்பங்கள் முறை வைத்து அளித்தன. அக்குடும்பங்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது.

"மதம் மாத்த வந்தீங்களா அண்ணா?" என்று ஒரு மாணவன் முதல் வாரத்திலேயே நேராகக் கேட்டான். "இல்லை தம்பி, எங்கள் பிள்ளைகள் சிலர் இங்கே படிக்கிறார்கள், அவர்களோடு இருக்க வந்தோம்" என்றோம். அவன் நம்பினானோ இல்லையோ, ஒரு தேநீர் வாங்கித் தந்தான். பிறகு நாள்தோறும் எங்களோடு வந்தமர்ந்தான். கோயில்கள் நிறைந்த ஏதென்ஸ் நகரில் புனித பவுல் முதலில் நகரைச் சுற்றிப் பார்த்தார், பிறகே பேசினார் என்று திருத்தூதர் பணிகள் கூறுவதை நாங்கள் ஒருவருக்கொருவர் நினைவூட்டிக்கொள்வோம். நினைவூட்டினோமே தவிர, பின்பற்றினோமா என்பது வேறு வினா.

எங்களிடம் ஒரு குறிப்பேடு இருந்தது. அதில் இருபத்து மூன்று பெயர்கள். ஒவ்வொரு வெள்ளியும் வந்தவர் பெயருக்கு நேரே ஒரு கோடு இடுவோம். முதற் கூட்டத்துக்குப் பதினொருவர் வந்தனர். ஆகஸ்டில் பதினெட்டு. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய கூட்டத்தில் இருபத்தொன்று. திங்கள்தோறும் பங்குத்தந்தையிடம் அந்த எண்ணைச் சொல்லும்போது எங்கள் குரலில் சற்றே பெருமை கலந்திருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறோம். அவர் கேட்டுக்கொண்டு, "வராத இருவர் யார்?" என்பார். பெயரைச் சொல்வோம். "ஏன் வரவில்லை?" என்பார். "தெரியவில்லை, சாமி" என்போம். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லமாட்டார்.

அந்தக் கூட்டத்துக்குத் தவறாமல் வந்தவர்களுள் ஒரு தம்பி. வணிகவியல் இரண்டாம் ஆண்டு. கடைசி வரிசையில் சுவரோரமாய் அமர்வான். பாடல் முடிந்து விவிலியம் திறந்ததும் அவன் தலை சாய்ந்துவிடும். மற்றவர்கள் சிரிப்பார்கள். நாங்கள் சிரிக்கவில்லை, ஆனால் உள்ளூரச் சினந்தோம். இவ்வளவு ஆயத்தம் செய்து பேசுகிறோம், இவன் உறங்குகிறானே என்று வருந்தினோம்.

2024 பிப்ரவரி 14 அன்று தவக்காலம் தொடங்கியது. அடுத்த வாரக் கூட்டத்தில் கெத்சமனித் தோட்டத்து நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டோம். தம்மோடு ஒரு மணி நேரமாவது விழித்திருக்க முடியவில்லையா என்று ஆண்டவர் பேதுருவைக் கேட்ட இடத்தை எங்களுள் ஒருவர் வாசித்து, வேண்டுமென்றே கடைசி வரிசையைப் பார்த்தார். மற்றவரும் திரும்பிப் பார்த்தார். அவையில் சிரிப்பெழுந்தது. அந்தத் தம்பி திடுக்கிட்டு விழித்தான். முகம் சிவந்து தலை குனிந்தான். அடுத்த வெள்ளி அவன் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. குறிப்பேட்டில் அவன் பெயருக்கு நேரே கோடு விழவில்லை. அவ்வளவுதான். நாங்கள் வேறு வேலைகளில் மூழ்கியிருந்தோம்.

மார்ச் திங்கள் நடுவில் ஒரு காலை. எங்கள் வீட்டுக்காரர் தறிக்குழியில் அமர்ந்து கோர்வைப் புடவை நெய்துகொண்டிருந்தார். காஞ்சிப் பட்டின் சிறப்பு அந்தக் கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரண்டு நாடாக்கள். ஒருவரால் அது இயலாது; பக்கத்தில் துணைக்கு ஒருவர் அமர்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். முன்பு மகன் அமர்ந்த இடத்தில் இப்போது அவர் மனைவி அமர்கிறார். மகன்கள் இருவரும் ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். 2005-இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைதான். ஆயினும் தறியை நம்பி வீடு நடத்த முடியாமல் பிள்ளைகளை ஆலைக்கு அனுப்பும் குடும்பங்கள் அந்தத் தெருவிலேயே பல.

நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கையில் அவர் சட்டென்று தறியை நிறுத்தினார். குனிந்து, ஆயிரக்கணக்கான இழைகளுக்கிடையே அறுந்த ஒன்றைத் தேடினார். தேடி எடுத்து முடிச்சிட்டார். வெகு நேரம் ஆயிற்று.

"ஒரு இழைதானே ஐயா, அப்புறம் பார்த்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டோம்.

"இப்போ விட்டா புடவை பூரா அந்தக் கோடு நிக்கும் தம்பி. அப்புறம் எவ்வளவு சரிகை போட்டாலும் மறையாது. எந்த இழை அறுந்துச்சுன்னு தறி சொல்லாது. நாமதான் பாக்கணும்" என்றார் அவர்.

எங்கள் அறையிலிருந்த குறிப்பேடு எங்கள் நினைவுக்கு வந்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அன்றே அந்தத் தம்பியின் வகுப்புத் தோழர்களைக் கேட்டோம். "அவன் நைட் ஷிப்ட் போறான் அண்ணா. கிளாசுக்கே சரியா வர்றதில்ல" என்றார்கள். எத்தனை திங்களாக என்று கேட்டோம். "வருஷம் ஆரம்பிச்சதுல இருந்தே" என்றார்கள். எட்டுத் திங்கள் நாங்கள் கேளாதிருந்த வினா அது. கேட்டவுடன் விடை கிடைத்துவிட்டது.

வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னோம். "கம்பெனி பஸ் காலைல ஏழு மணிக்கு வந்து நிக்கும். எம் பசங்களும் அதுலதான் வருவாங்க. போய்ப் பாருங்க" என்றார். மறுநாள் சாலையோரம் நின்றோம். சிவந்த கண்களோடு இளைஞர்கள் வரிசையாய் இறங்கினார்கள். அவர்களிடையே அவனும் இறங்கினான். எங்களைக் கண்டதும் விலகிச் செல்ல முற்பட்டான். நாங்கள் தடுத்து, தேநீர்க் கடைக்கு அழைத்துச் சென்றோம்.

அவன் மெதுவாகச் சொன்னான். தந்தை கட்டட வேலையில் விழுந்து முதுகில் அடிபட்டுப் படுக்கையில் இருக்கிறார். தங்கை பன்னிரண்டாம் வகுப்பு. ஒப்பந்தத் தொழிலாளியாய் இரவு முழுவதும் நின்றபடியே வேலை. காலையில் இறங்கி, முகம் கழுவி, வகுப்புக்குப் போவான். மாலையில் இரண்டு மணி நேரம் உறங்குவான். பிறகு மீண்டும் பேருந்து.

"அந்த இரண்டு மணி நேரத்திலா வெள்ளிக்கிழமை எங்களிடம் வந்தாய்?" என்று கேட்டோம்.

"வாரத்துல ஒரு நாளாவது நம்ம ஆளுங்களோட உக்காரணும்னு தோணும் அண்ணா. தூக்கம் வந்துடும், என்ன பண்றது? அன்னைக்கு நீங்க சொன்னது எனக்குத்தான்னு தெரிஞ்சுது. நீங்க சொன்னது சரிதான்."

அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் எங்களுக்கு எளிதாயிருந்திருக்கும்.

அன்றிரவு மத்தேயு நற்செய்தியின் இருபத்தாறாம் அதிகாரத்தைத் திறந்தோம். ஆண்டவர் அந்த வினாவோடு நின்றுவிடவில்லை. அடுத்த வசனத்திலேயே சீடர்களுக்காகத் தாமே பரிந்து பேசுகிறார்: உள்ளம் விரும்புகிறது, உடல்தான் வலுவற்றது என்கிறார். மீண்டும் வந்து பார்க்கும்போது அவர்கள் கண்கள் தூக்கக் கலக்கத்தில் கனத்திருந்தன என்று நற்செய்தியாளர் குறித்துவைக்கிறார். இம்முறை ஆண்டவர் அவர்களை ஒன்றும் கேட்கவில்லை. விட்டுச் சென்று தனியே செபிக்கிறார். நாங்கள் கடிந்துகொள்ளும் வசனத்தை வாசித்தோம். பரிவு காட்டும் வசனத்தை வாசிக்கவில்லை.

மாணவர் பணிக்கு வருமுன் எங்களுக்குப் பயிற்சி அளித்தவர்கள் இதையெல்லாம் சொல்லாமல் இல்லை. 1924-இல் சேசு சபைத் தந்தை கார்ட்டி தொடங்கிய அனைத்திந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் இயக்கமான ஐக்கஃப் பற்றியும், பெல்ஜிய நாட்டுத் தந்தை கார்டைன் பற்றியும் கற்றிருந்தோம். கார்டைன் குருமடத்திலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது, தம்மோடு பள்ளியில் படித்து ஆலைகளுக்குச் சென்றுவிட்ட தோழர்கள் தம்மை அந்நியராகப் பார்ப்பதைக் கண்டு மனம் நொந்தார். 1903-இல் தந்தையின் மரணப் படுக்கையருகே, தம் வாழ்வைத் தொழிலாளருக்கே அளிப்பதாய் உறுதி பூண்டார். அவர் காட்டிய வழி மூன்று படிகளை உடையது: பார்த்தல், தீர்மானித்தல், செயல்படுதல். 1961-இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் தம் சுற்றுமடலில் அதனைத் திருச்சபை முழுமைக்கும் பரிந்துரைத்தார். தேர்வு வைத்தால் நாங்கள் இவற்றைப் பிழையின்றி எழுதியிருப்போம். ஆனால் கண்ணெதிரே ஒருவன் உறங்கியபோது, பாராமலே தீர்மானித்தோம், தீர்மானித்தவுடன் செயல்பட்டும்விட்டோம்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையார் அவன் தங்கையின் படிப்புச் செலவை ஏற்றனர். தோழர்கள் பாடக் குறிப்புகளைப் படியெடுத்துத் தந்தனர். கூட்டத்தை ஞாயிறு பிற்பகலுக்கு மாற்றினோம். ஆயினும் ஒன்றைச் செய்ய இயலவில்லை. நூற்றுக்கு 75 நாள் வருகை வேண்டும். அவனுக்கு அது எட்டவில்லை. ஏப்ரல் தேர்வை அவனால் எழுத முடியாமற்போயிற்று. சூலையிலேயே கேட்டிருந்தால், ஆசிரியர்களிடம் பேசியிருக்கலாம். வேறு நேரத்து வேலை தேடியிருக்கலாம். அந்த அரையாண்டு அவனுக்குப் போயிற்று. அவன் அடுத்த ஆண்டு மீண்டும் படிப்பைத் தொடர்ந்தான் என்பது மகிழ்ச்சி. ஆனால் நெய்து முடிந்த புடவையில் அந்தக் கோடு இருக்கத்தான் செய்கிறது.

2024 மார்ச் 28, பெரிய வியாழன். இரவு நற்கருணை ஆராதனையில் இளைஞருக்கு உரிய நேரம் பதினொன்று முதல் பன்னிரண்டு வரை. அவன் வந்தான். உடன் வேலை செய்யும் ஓர் இந்து நண்பர், "நீ கோயிலுக்குப் போ, உன் ஷிப்ட்டை நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லி அனுப்பினாராம். எங்களுக்கருகே முழந்தாளிட்டான். கால் மணி நேரத்தில் அவன் தலை எங்கள் தோளில் சாய்ந்தது. நாங்கள் அசையவில்லை. அவனுக்குரிய அந்த ஒரு மணி நேரத்தை எங்கள் இருவரால் விழித்திருக்க முடிந்தது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2019-இல் இளைஞருக்கு எழுதிய 'கிறிஸ்து வாழ்கிறார்' என்னும் மடலில் எம்மாவு வழியை நினைவூட்டினார். ஆண்டவர் அங்கே முதலில் உடன் நடந்தார், கேட்டார், பிறகே மறைநூலை விளக்கினார். இறையழைப்பு என்று நாங்கள் சொன்னதன் பொருள் அதுவே.

பங்குக் குடும்பங்களே, உங்கள் கோயிலின் கடைசி வரிசையிலும் ஒரு பிள்ளை தூங்கி வழியக்கூடும். ஒரு பிள்ளை வராமலே நின்றிருக்கக்கூடும். பூசை முடிந்ததும் அவனிடம் சென்று, "தம்பி, ராத்திரி தூங்கினாயா?" என்று கேளுங்கள். மறையுரை அவனுக்குப் பிறகு இருக்கட்டும்.