எழாத கருவியும் எழுதாத ஏடும்

ஏட்டுச் சுவடிகளைக் கரையானுக்கும் கனலுக்கும் இழந்த இனம் நம் இனம். கிட்டிய ஏடுகளைத் தேடித் தொகுத்து, 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையரின் உழைப்பை வகுப்பறையில் எடுத்துரைக்கும் நாம், இன்றைய ஏடுகள் எங்கே உறைகின்றன என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வெண்ணத்தை நமக்குத் தந்தது ஒரு கைக்கணினி.

திருவில்லிபுத்தூர்ப் பகுதி மூதாட்டியர் பாடிய தாலாட்டும் ஒப்பாரியுமாக 37 பாடல்களை, ஆய்வு மாணவி ஒருவர் 2018-ஆம் ஆண்டில் தம் டேப்லெட்டில் ஒலிப்பதிவு செய்திருந்தார். அண்மையில் அக்கருவி கண் விழிக்க மறுத்தது. மீட்புப் பென்டிரைவைச் செருகியும் பயனில்லை. உற்றார் நோய்க்கு மருத்துவரை நாடுவார்போல், ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இராசபாளையத்துக்கு அதனை எடுத்துச் சென்றோம்.

பழுது நீக்கும் இளைஞர் படிப்படியாக ஆராய்ந்தார். டேப்லெட்டின் சிறு துளையில் பென்டிரைவை இணைக்க ஓ.டி.ஜி. வடம் தேவை, சாதாரண மின்னேற்று வடம் உதவாது. மின்னேற்றத்துக்கும் அதே துளைதான் என்பதால் முன்னரே மின்கலத்தை நிரப்பிக்கொள்ளல் நன்று. பென்டிரைவ் ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருத்தல் வேண்டும். இவை அனைத்தும் சரியாகவே இருந்தன. பின் பிழை யாது?

"சார், இந்தப் பென்டிரைவை வேற கம்ப்யூட்டர்ல செஞ்சிருக்காங்க" என்றார் அவர். அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது. அக்காலத்து ஆட்டம் வகைச் சில்லுகள் கொண்ட டேப்லெட்டுகள் பலவற்றில், சில்லு 64 பிட் திறனுடையதாயினும், அதனைத் துயிலெழுப்பும் யு.இ.எஃப்.ஐ. நிலைபொருள் 32 பிட் அளவினதே. அது பென்டிரைவில் 'பூட்ஐஏ32' என்னும் கோப்பைத் தேடும். 64 பிட் கணினியில் உருவாக்கிய பென்டிரைவிலோ 'பூட்எக்ஸ்64' மட்டுமே இருக்கும். வாயிலில் நிற்பவரின் மொழி காவலருக்குப் புரியாவிடில் கதவு திறக்குமோ? திருவில்லிபுத்தூரில் நண்பர் ஒருவரிடம் அதே வகை டேப்லெட் இருந்தது. அதில் புதிதாக ஒரு மீட்புப் பென்டிரைவ் உருவாக்கினோம். கருவி கண் திறந்தது.

"எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுரலாமா சார்?" என்றார் இளைஞர். "வேண்டாம் தம்பி, முதலில் பாட்டை எடுத்துத் தாருங்கள்" என்றோம். பென்டிரைவிலிருந்து கணினியை முழுவதுமாக மீட்பதாயின் உள்ளிருக்கும் கோப்புகள் அழிந்துபடும். ஆயின் அதே பட்டியலில் உள்ள கட்டளைச் சாளரத்தின் வழியே கோப்புகளை வேறிடத்துக்குப் படியெடுக்கலாம். அவ்வாறே செய்தார். 34 பாடல்கள் கிட்டின. மூன்று சிதைந்து போயின. அவற்றுள் இரண்டினைப் பாடிய மூதாட்டி இன்று நம்மிடையே இல்லை. அவ்விரு தாலாட்டும் இனி எவர் செவிக்கும் எட்டா.

இதிலிருந்து நாம் உணர்வது ஒன்று. மீட்புப் பென்டிரைவ் கருவியை மீட்கும். கருத்தை மீட்பது அதன் வேலையன்று. கருவிக்கோ ஆயுள் குறுகியது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. விண்டோஸ் 11-இலோ 32 பிட் பதிப்பே இல்லை. இத்தகைய டேப்லெட்டுகளில் உறங்கும் பதிவுகள் யாவும் காலத்தோடு போட்டியிடுகின்றன எனலாம்.

ஓலை நைந்துபோகுமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதியமையால்தான் சங்க நூல்கள் நம் கைக்கு எட்டின. படியெடுத்தல் புலமைக்குக் குறைவான பணியென அன்று எவரும் கருதவில்லை. 1875-ஆம் ஆண்டு தொடங்கி நூல்களைப் பேணிவரும் பென்னிங்டன் நூலகம் அமைந்த ஊர் திருவில்லிபுத்தூர். அவ்வூர்த் தாய்மாரின் குரல் ஒரேயொரு கருவியின் தயவில் கிடத்தல் தகுமோ?

மாணவச் செல்வங்களே! களப்பணிக்குச் செல்லுங்கால் ஒலிப்பதிவை அன்றிரவே வேறோர் இடத்தில் படியெடுங்கள். பாடலை எழுத்திலும் வடித்து வையுங்கள். பாடியவர் மறைந்தபின் அவரிடம் மீண்டும் கேட்க நம்மால் இயலாது.