மணற்குழியில் கற்ற பாடம்

இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வரும் நாம், நாற்பத்தைந்தாவது வயதில் கடைசி பெஞ்சு மாணாக்கனாக நேர்ந்த கதையைக் கேளுங்கள்.

கோடை விடுமுறைக்குப் பெங்களூர் போயிருந்தோம். அங்கே நமது மைத்துனர் கோல்ப் ஆடுகிறவர். "நீங்களும் ஆடிப் பாருங்கள், அத்தான்!" என்று மட்டையைக் கையில் திணித்துவிட்டார். தெய்வாதீனமாக முதல் சில அடிகள் நன்றாகவே விழுந்தன. பிறகு பந்து உருண்டோடி, 'பங்கர்' என்னும் மணற்குழிக்குள் சுகமாகப் படுத்துக் கொண்டது.

பாயசத்திலிருந்து முந்திரிப் பருப்பைக் கரண்டியால் எடுப்பதுபோல் பந்தை அடியோடு தூக்கிவிடலாம் என்பது நமது எண்ணம். முதல் அடியில் மணல் எழும்பி மூக்குக் கண்ணாடியை மூடிற்று, பந்து அசையவில்லை. இரண்டாவது அடி பந்தின் தலையில் பட்டது. அது எதிர்க்கரையில் மோதி நம் காலடிக்கே திரும்பிற்று. "பந்தைப் பார்த்து அடியுங்கள், அத்தான்!" என்று மைத்துனர் கரையிலிருந்து கூவக் கூவ, நமது கை நடுங்கிற்று. ஆறு அடிக்குப் பின் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறினோம்.

மட்டைப் பையைச் சுமந்து வருகிறவரை அங்கே 'கேடி' என்கிறார்கள். நம் ஊரில் அச்சொல்லுக்குள்ள பொருளை நினைத்து, அந்த இளைஞரைச் சற்றுச் சந்தேகத்துடனேதான் பார்த்திருந்தோம். மறுநாள் பயிற்சித் திடலில் நமக்கு உபாத்தியாயராய் வாய்த்தவர் அவரே. முதற்காரியமாகப் பந்தைத் தம் சட்டைப் பையில் போட்டுக் கொண்டார். மணலில் விரலால் ஒரு கோடு கிழித்து, "ஐயா, பந்தை மறந்துவிடுங்கள். இந்தக் கோட்டிலுள்ள மணலை மட்டும் வெளியே வீசுங்கள்" என்றார். பத்துத் தடவை வீசினோம். பிறகு கோட்டுக்கு இரண்டு அங்குலம் முன்னால் பந்தை வைத்தார். மணலை வீசினோம், மணலோடு பந்தும் எழும்பிப் புல் மேல் விழுந்தது!

சூட்சுமம் இதுதான்: இந்த அடியில் மட்டை பந்தைத் தொடுவதே இல்லை, மணல்தான் பந்தைச் சுமந்து செல்கிறது. வலக்கைக்காரர்கள் பாதங்களை மணலில் சற்றுப் புதைத்து, பந்து இடது காலுக்கு நேராக இருக்கும்படி நின்று, உடற்பாரத்தையும் அக்காலிலேயே சாய்க்க வேண்டும். மட்டையின் முகத்தை முதலில் வானம் நோக்கித் திறந்து, அதன் பிறகே கைப்பிடியைப் பற்ற வேண்டும். ஜீன் ஸாரஸன் என்ற அமெரிக்க வீரர் மட்டையின் அடிப்பாகத்தில் உலோகத்தைப் பற்றவைத்துத் தடிக்கச் செய்து, 1932-ல் பிரிட்டிஷ் ஓபன் பந்தயத்தில் வென்றார். 'ஸாண்ட் வெட்ஜ்' என்னும் மட்டை பரவியது அதன் பிறகுதான். அந்தத் தடித்த அடி, மணலில் புதையாமல் வழுக்கிச் செல்லும். பந்தயத்தில் மட்டும், அடிக்குமுன் பந்தின் அருகே மணலை மட்டையால் தொடலாகாது. தொட்டால் இரண்டு அடி அபராதம்.

எல்லாவற்றிலும் முக்கியம், வீச்சைப் பாதியில் நிறுத்தாமை. நின்றால் மட்டை மணலில் புதைந்துவிடும். "பயந்தால் கை நின்றுவிடும், ஐயா" என்றார் இளைஞர். 1978-ல் ஸெயின்ட் ஆண்ட்ரூஸில் ஜப்பானிய வீரர் நாகஜிமாவே ஒரு பங்கரிலிருந்து வெளிவர நான்கு அடி செலவிட்டாராம். அதைக் கேட்டு ஆறுதல் அடைந்தோம்.

ஆனால் அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. கரும்பலகையின் முன், பாதிக் கணக்கில் சாக்குக்கட்டி நிற்க, கை நடுங்கி நின்ற ஒரு பையன் நினைவுக்கு வந்தான். அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வருஷம் முழுவதும் நாம் கூவியதும் அதே வார்த்தைதான்: "பார்த்துப் போடடா!"

பள்ளிக்கூடம் திறந்ததும் அவனை அழைத்தோம். "விடையை மறந்துவிடு, முதல் வரியை மட்டும் எழுது" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்று கொண்டோம். நாம் திரும்பிப் பார்த்தபோது முழுக் கணக்கையும் எழுதியிருந்தான். விடை தப்புத்தான், ஆனால் கை நிற்கவில்லை.