கதவுக்கு வெளியே நிற்கும் அன்பு

பிடித்து வைத்துக்கொள்வதே அன்பு என்று நம்பும் காலம் இது. 2021 ஜூலையில் போலந்து நாட்டிலிருந்து சென்னைக்கு வந்த அஞ்சல் பொதி ஒன்றைச் சுங்கத்துறையினர் பிரித்துப் பார்த்தனர். வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய சிறு குப்பிகளுக்குள் 107 சிலந்திகள் உயிரோடு இருந்தன. அமெரிக்கக் கண்டத்து நிலங்களுக்கு உரிய, மயிரடர்ந்த பெருஞ்சிலந்திகள் அவை. உரிய அனுமதி இல்லாமையால், வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புவதற்காக அஞ்சல் துறையிடம் ஒப்படைக்கப்பட்டன.

இச்செய்தியைக் கேட்ட என் தங்கை மகன், "மாமா, நாமும் ஒரு கதவுச் சிலந்தி வளர்க்கலாமா?" என்றான். அப்பெருஞ்சிலந்திகளுக்கு உறவான அந்த உயிரைப் புத்தகம் ஒன்றில் கண்டிருந்தான். அவனுக்கு விடை சொல்லத் தேடிப் படித்தபோது, விடை எனக்கே தேவைப்பட்டது என்பதை உணர்ந்தேன்.

கதவுச் சிலந்தி வலை கட்டித் தொங்குவதில்லை. மண்ணில் வளை தோண்டி, உட்சுவருக்குப் பட்டிழை பூசி, மண்ணும் இழையும் குழைத்து ஒரு கதவு செய்து, இழையாலேயே கீல் பொருத்துகிறது. இரவில் கதவடியில் காத்திருந்து, அருகே வரும் எறும்பையும் வண்டையும் பாய்ந்து பற்றுகிறது. நம் நாட்டிலும் இவ்வினங்கள் உண்டு. டிகாதர் என்னும் அறிஞர் 1977-இல் விவரித்த ஓர் இனம் மதராசின் பெயரையே தாங்கி நிற்கிறது. வெளிநாடுகளில் இதைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்ப்போர் உண்டு. ஆழமாக ஈரமண் நிரப்பி, பூச்சிகளை இரையாக இட்டு வளர்க்கின்றனர். ஆயினும் பல நாள்கள் அவர்கள் காண்பது மூடிய கதவு ஒன்றைத்தான். தாங்கள் வளர்ப்பது சிலந்தியையா, ஒரு குழியையா என்று அவர்களே நகைத்துக்கொள்வதுண்டு.

இதற்கு மாறான வளர்ப்பு ஒன்றும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில், கோதுமை வயல்களிடையே எஞ்சிய வடக்குப் புங்குல்லா என்னும் சிறு காப்புக்காட்டில், பார்பரா யார்க் மெயின் என்ற அம்மையார் 1974-இல் கதவுச் சிலந்திகளின் வளைகளை எண்ணிட்டுக் கவனிக்கத் தொடங்கினார். பதினாறாம் எண் பெற்ற பெண் சிலந்தி, குஞ்சாய் வந்து தோண்டிய அதே வளையில் 43 ஆண்டுகள் வாழ்ந்தது. வளை பழுதுபட்டால் செப்பனிடும். விட்டு வேறிடம் போகாது. 2016-இல் அதன் கதவு துளைக்கப்பட்டிருந்தது. ஒட்டுண்ணிக் குளவியின் வேலை. அறியப்பட்ட சிலந்திகளுள் மிக நீண்ட காலம் வாழ்ந்தது அதுவே. அம்மையாரும் 2019-இல் மறைந்தார். ஓர் எளிய உயிரை அதன் இடத்திலேயே விட்டு, ஆண்டுதோறும் சென்று குனிந்து பார்த்துத் திரும்பிய அந்தப் பொறுமையை வேறு எப்பெயரால் அழைப்பது? அன்பு என்றே அழைக்கத் தோன்றுகிறது.

இடம் என்பதன் பொருளை எர்ணாவூரில் வாழும் நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வீடுகளைக் கொண்டுபோன பின், மீனவக் குடும்பங்கள் பல இங்குள்ள சுனாமிக் குடியிருப்புக்கு வந்தன. கதவுள்ள வீடு கிடைத்தது. ஆனால் வாசலில் நின்று கடலின் நிறம் பார்த்துத் தொழிலுக்குப் புறப்படும் வாழ்வு அக்கதவோடு சேர்த்து வழங்கப்படவில்லை. 2023-இல் அதே டிசம்பர் 26 நள்ளிரவில், கடலடிக் குழாய் ஒன்றிலிருந்து அம்மோனியா கசிந்தது. சாத்திய கதவு எவரையும் காக்கவில்லை. குழந்தைகளைத் தோளில் சுமந்து தெருவுக்கு ஓடினோம். கதவு மட்டும் வீடாகாது. அதைச் சூழ்ந்த காற்றும் மண்ணும் நீரும் சேர்ந்ததே வீடு. சிலந்திக்கும் அப்படியே. அதைப் பெயர்த்தெடுத்துக் குப்பியில் இடுகிறவன் உடலைப் பெறுகிறான், வாழ்வைப் பெறுவதில்லை.

திருவெளிப்பாட்டு நூலில் நம் ஆண்டவர் கதவருகே நின்று தட்டுகிறார். அனைத்தையும் படைத்தவர் உடைத்து நுழையாமல் வெளியே காத்திருக்கிறார். படைப்புகளிடம் நாம் கொள்ள வேண்டிய மரியாதையும் இதில் அடங்கியிருக்கிறது அன்றோ?

தங்கை மகனிடம் வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்புறம் ஒரு முழ நிலத்தைக் காட்டி, "ஓராண்டு இதில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்து எழுது, எவரையும் காலி செய்யாதே" என்றேன். இதுவரை இரு வகை எறும்புகளையும் ஒரு நத்தையையும் பதிவு செய்துள்ளான். அவற்றின்மேல் ஒருவரும் குப்பை கொட்டக் கூடாதென்று வீட்டாரை இப்போது அவனே கண்டிக்கிறான்.