லெய்டன் நகரில் ஒரு விருந்தாளி



விருந்தினருக்கு வீட்டார்மீது மூன்று நாள் உரிமை உண்டு என்பதை நபிமொழி வழியாக நாம் அறிவோம். வீட்டாரைச் சங்கடத்தில் ஆழ்த்தும் அளவுக்குத் தங்கிவிடலாகாது என்று விருந்தினருக்கும் அதே நபிமொழி ஒரு வரம்பு வகுத்திருக்கிறது. முதற்பகுதியை நாம் மறப்பதில்லை. இரண்டாம் பகுதியை நினைப்பதில்லை. அதனை எனக்கு நினைவூட்டியவர், நம் மார்க்கத்தைச் சேராத ஒரு டச்சு மூதாட்டியார்.

2024-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகரில் பத்து நாட்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. என்னிடம் மதரஸாவில் அரபு பயின்ற ஒருவர் அங்கே ஆய்வு மாணவராக இருக்கிறார். அவருடைய அறை மிகச் சிறியது. ஆதலால், நூலகப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு மூதாட்டியாரின் வீட்டு மாடியில் எனக்கு இடம் ஏற்பாடு செய்திருந்தார். அறையின் மேசைமீது ஒரு குறிப்பேடு இருந்தது. 'என் விருந்தினருக்கு' என்று ஆங்கிலத்தில் தலைப்பு. அந்த ஊரில் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பது குறித்து இருபதுக்கும் மேற்பட்ட குறிப்புகள். பயணக் களைப்பில் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்தேன். அதனால் நேர்ந்ததையும், பின்னர் படித்தறிந்ததையும் உங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

ஊருக்குள் நுழையும்போது

ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து லெய்டன் சென்ட்ரல் ஏறத்தாழ இருபது நிமிடப் பயணம். பயணச்சீட்டுக்காக வரிசையில் நிற்க வேண்டியதில்லை. நம் வங்கி அட்டையை நுழைவிடத்துக் கருவியில் காட்டினால் போதும். இறங்குமிடத்திலும் அதே அட்டையை மறவாமல் காட்ட வேண்டும். மறந்தால் கூடுதல் தொகை பிடிக்கப்படும். ஆளுக்கு ஓர் அட்டை தேவை என்பதைக் குடும்பத்தோடு செல்வோர் நினைவில் வைக்க வேண்டும். பணத்தாளை ஏற்காமல் அட்டையை மட்டுமே ஏற்கும் கடைகளும் அங்கே உண்டு.

நிலையத்திலிருந்து பழைய நகரம் நடக்கும் தூரமே. வழியில் 'டி வால்க்' என்னும் காற்றாலை வானுயர நிற்கிறது. 1743-இல் கட்டப்பட்ட அது இன்று அருங்காட்சியகம். அதைக் கடந்தால் கால்வாய்களும் பாலங்களும் குறுகிய செங்கல் வீடுகளுமாக ஊர் விரிகிறது. அவ்வீடுகளின் படிக்கட்டு ஏணியைப் போல் செங்குத்தானது. நீண்ட அங்கி அணிவோரும் முதியோரும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்புறமாக இறங்குவதே நலம். குழாய்த் தண்ணீரைத் தயக்கமின்றி அருந்தலாம். புட்டியில் வாங்கினால் சிறு புட்டிக்கு 15 சென்ட், பெரிய புட்டிக்கு 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள். காலிப் புட்டியைக் கடையில் உள்ள இயந்திரத்தில் இட்டால் அது திரும்பக் கிடைக்கும். ஆபத்து நேர்ந்தால் அழைக்க வேண்டிய எண் 112.

செந்நிறப் பாதை

வந்த அன்று மாலையே அந்தக் காற்றாலையை அண்ணாந்து பார்த்தபடி நின்றுகொண்டிருந்தேன். மணியோசை கேட்டது. அது எனக்கானது என்று தோன்றவில்லை. மறுகணம் சைக்கிளில் வந்த ஓர் இளம்பெண் என்மீது மோதாதிருக்க ஒதுங்கித் தடுமாறினார்; அவருடைய பையிலிருந்த தக்காளிகள் தெருவெங்கும் உருண்டன. அவர் என்னைப் பார்த்துச் சினந்து ஏதோ சொன்னார். நான் பொறுக்கித் தந்த தக்காளிகளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மூதாட்டியாரிடம் இதைச் சொன்னேன். ஆறுதலாக ஒரு வார்த்தை கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "அது என் குறிப்பேட்டில் மூன்றாவதாக எழுதியிருக்கிறது. நீங்கள் படிக்கவில்லையா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

குறிப்பு இதுதான்: தரை செந்நிறமாக இருந்தால் அது சைக்கிளுக்குரிய பாதை. அதில் நிற்காதீர்கள். கடக்கும்போது இருபுறமும் பாருங்கள். அந்நாட்டில் மாணவரும் பேராசிரியரும் குழந்தையைச் சுமந்த தாயும் சைக்கிளில்தான் வேலைக்கும் கடைக்கும் விரைகிறார்கள். அவர்கள் பாதையில் நாம் நிற்பது, நம் ஊர் நெடுஞ்சாலை நடுவே நிற்பதற்கு ஒப்பாகும்.

வாசலில் கிடைத்த பதில்

மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, என் மாணவரை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மூதாட்டியாரும் அவருடைய சகோதரியும் உணவருந்திக்கொண்டிருந்தார்கள். எழுந்து வந்து வாசலிலேயே, "நாங்கள் இப்போது சாப்பிடுகிறோம். நாளை காலை பத்து மணிக்கு இருவரும் காபி அருந்த வாருங்கள்" என்றார். என் மாணவர் புன்னகையோடு விடைபெற்றார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. உண்ணும் வேளையில் வந்தவரை 'வாருங்கள், கை கழுவுங்கள்' என்று அழைக்காத வீடு நம் தெருவில் உண்டா? இம்மக்களுக்கு விருந்தோம்பல் தெரியாது என்று என் மனத்துக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

சனிக்கிழமை பத்து மணிக்குச் சென்றோம். மேசைமீது விரிப்பும் காபியும் கேக்கும் தயாராக இருந்தன. "முட்டையும் வெண்ணெயும் மட்டுமே சேர்த்தேன், மதுவோ பன்றிக்கொழுப்போ இல்லை" என்று தாமே முந்திக்கொண்டு சொன்னார். பின்னர் ஒருமணி வரை எங்களோடு உரையாடினார். தொலைபேசி இருமுறை ஒலித்தும் எடுக்கவில்லை. அப்போதுதான் ஒன்று புரிந்தது. நேரம் குறிக்காமல் வந்தவருக்கு அவர்கள் கதவைத் திறப்பது அரிது. குறித்து வந்தவருக்கோ அந்த நேரம் முழுவதையும் தருகிறார்கள். இதுவும் குறிப்பேட்டில் ஏழாவதாக இருந்தது: 'யாரையும் பார்க்கச் செல்லும் முன் நேரம் கேளுங்கள். ஆறு மணிக்குச் செல்லாதீர்கள்.'

உணவும் சந்தையும்

புதன்கிழமையும் சனிக்கிழமையும் நியூவே ரெய்ன் கால்வாயோரம் சந்தை கூடுகிறது. காய்கனி, பூ, மீன், பாலாடைக்கட்டி அனைத்தும் அங்கே உண்டு. சீரகம் இட்ட பாலாடைக்கட்டி லெய்டனின் தனிச் சிறப்பு. பண்ணையில் செய்த கட்டியின்மேல் நகரச் சின்னமான இரு சாவிகள் பொறிக்கப்பட்டிருக்கும். பாலை உறையவைக்க விலங்கின் இரைப்பைச் சத்தைப் பயன்படுத்துவதும் உண்டாதலால், பேணுதலுடையோர் விற்பவரிடம் கேட்டு வாங்கலாம். கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள்.

பொரித்த மீன் துண்டுகளை 'கிப்பலிங்' என்கிறார்கள். நம் நாவுக்கு இசைவானது. உப்பிட்டு வெங்காயத்தோடு தரும் ஹெரிங் மீன் சமைக்கப்படுவதில்லை. அதற்கொரு வரலாறு உண்டு. ஸ்பானியப் படை முற்றுகையிட்டு ஊர் பட்டினியில் வாடியபோது, கரைகளை உடைத்து நீரைப் பாயவிட்டுப் படகில் வந்து மீட்டார்கள். மீட்டவர்கள் கொண்டுவந்து கொடுத்தவை ஹெரிங்கும் வெள்ளை ரொட்டியும். 1574 அக்டோபர் 3-இல் நிகழ்ந்த அதனை ஆண்டுதோறும் அதே நாளில் ஊரே கொண்டாடுகிறது.

பட்டாணி சூப்பில் பன்றி இறைச்சி சேர்ப்பது அந்நாட்டு வழக்கம், தவிர்த்துவிடுங்கள். உணவுப் பொட்டலத்தில் 'வார்கன்' என்னும் சொல் பன்றியைக் குறிக்கும். மிட்டாய்களில் ஜெலட்டின் இருக்கிறதா என்றும் பாருங்கள். துருக்கியரும் மொராக்கோ நாட்டவரும் நடத்தும் ஹலால் இறைச்சிக் கடைகள் உண்டு. 1964-இல் துருக்கியோடும் 1969-இல் மொராக்கோவோடும் செய்த ஒப்பந்தங்களின்படி தொழிலாளராக வந்தவர்களின் வழித்தோன்றல்களே அவர்களில் பலர். இரு சமூகத்தாருக்கும் ஊரில் பள்ளிவாசல்கள் இருக்கின்றன.

வேளைகளும் ஓர் அம்புக்குறியும்

கோடைக் காலத்தில் கடிகாரத்தை முன்னகர்த்தி வைத்திருப்பதால், அங்கே உச்சி சாயவே ஒன்றே முக்கால் மணி ஆகிறது. மே மாதத் தொடக்கத்தில் மஃரிப் ஒன்பது மணிக்கு மேல். இஷா நள்ளிரவை நெருங்குகிறது. ஃபஜ்ரோ நான்கு மணிக்கு முன்பே. ஜூனில் அந்தி ஒளி முற்றாக மறைவதே இல்லை. டிசம்பரில் நிலைமை தலைகீழ்: நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். ஆகவே உள்ளூர்ப் பள்ளியின் நேர அட்டவணையைப் பெற்றுக்கொள்வதும், பயணிகளுக்குரிய சலுகைகளைப் புறப்படுமுன் ஆலிம்களிடம் கேட்டறிவதும் அவசியம்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் திரைச்சீலையை விலக்கியபோது, சன்னல் விளிம்பில் பென்சிலால் வரைந்த சிறு அம்புக்குறி ஒன்று கண்ணில் பட்டது. தென்கிழக்கை நோக்கியிருந்தது. என் கைபேசி காட்டிய கிப்லாவும் அதுவே! வியந்துபோய்க் குறிப்பேட்டை எடுத்து முதன்முறையாகக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். அங்கே எழுதியிருந்தது: 'சன்னலில் உள்ள அம்பு, கெய்ரோவிலிருந்து வந்த விருந்தினர் வரைந்தது, மக்காவின் திசை. அழிக்க வேண்டாம். கழிவறையில் உள்ள பச்சைக் குவளையும் அவர் கேட்டு வாங்கி வைத்தது, பயன்படுத்துங்கள்.'

மூன்று நாட்களாக அந்தக் குவளையைச் செடிக்கு நீர் வார்ப்பது என்று எண்ணித் தொடாமல் இருந்தேன்! கீழே வந்து கேட்டேன். அந்த விருந்தினர் வந்து பல ஆண்டுகள் ஆயினவாம். அதன்பின் இருமுறை சன்னலுக்கு வண்ணம் பூசியபோதும், அவ்விடத்தை மட்டும் விட்டுவிடும்படி வேலையாளிடம் சொன்னாராம். என் மனத்துக்குள் எழுதிய தீர்ப்பை அன்று நானே கிழித்தெறிந்தேன்.

நூல்களும் செப்பேடுகளும்

நான் அந்நகருக்குச் சென்றதன் நோக்கம் அங்குள்ள அரபுச் செல்வமே. 1575-இல் நிறுவப்பட்ட லெய்டன் பல்கலைக்கழகத்தில் 1613-இல் அரபுப் பேராசிரியரான எர்பேனியுஸ், அவ்வாண்டிலேயே அரபு இலக்கண நூலையும் வெளியிட்டார். கான்ஸ்டான்டிநோபிளில் வாழ்ந்து 1665-இல் மறைந்த வார்னர் என்பவர், தாம் திரட்டிய ஏறத்தாழ ஆயிரம் கையெழுத்துப் படிகளை இப்பல்கலைக்கழகத்துக்கு விட்டுச் சென்றார். அறிஞர் இப்னு ஹஸ்ம் எழுதிய 'தவ்குல் ஹமாமா'வின் எஞ்சிய ஒரே படி இங்குதான் இருக்கிறது. ஹதீஸ்களைச் சொல் வழியாகத் தேட உதவும் 'அல்முஃஜமுல் முஃபஹ்ரஸ்' 1936 முதல் இந்நகரிலேயே அச்சேறியது. மதரஸாவில் நாள்தோறும் நான் புரட்டும் நூலின் பிறப்பிடம் அது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1885-இல் மக்காவில் தங்கி அதைப் பற்றி எழுதிய ஸ்னூக் ஹுர்குரோன்யே, பின்னர் அச்சே முஸ்லிம்களை அடக்கும் போரில் டச்சு அரசுக்கு ஆலோசகராக இருந்தார். அதன்பின் இங்கே பேராசிரியரும் ஆனார். அறிவும் ஆதிக்கமும் கைகோத்துச் சென்ற வரலாறு அது. பழவேற்காட்டையும் நாகப்பட்டினத்தையும் டச்சுக்காரர் ஆண்ட கதையை அறிந்த நமக்கு இது புதிதன்று. நாகையை 1658 முதல் 1781 வரை அவர்கள் வைத்திருந்தார்கள். நாகையின் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராச சோழன் வழங்கியதைக் கூறும் செப்பேடுகள், நூற்றாண்டுக்கும் மேலாக இப்பல்கலைக்கழகத்தில் இருந்தமையாலேயே 'லெய்டன் செப்பேடுகள்' என்று பெயர் பெற்றன.

இதை மூதாட்டியாரிடம் சொன்னபோது, "அவை உங்கள் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று நினைக்கிறீர்களா?" என்று நேராகக் கேட்டார். நம் வழக்கப்படி சுற்றி வளைக்க முயன்றேன். "ஆம் அல்லது இல்லை" என்றார். "ஆம்" என்றேன். "நானும் அப்படியே நினைக்கிறேன்" என்று கூறிவிட்டுக் காபியை ஊற்றினார். அவர்களுடைய வெட்டொன்று துண்டிரண்டான பேச்சைக் கடுமை என்று கொள்ளாதீர்கள். நாமும் நேராகவே பதில் சொன்னால் மகிழ்கிறார்கள்.

கையெழுத்துப் படிகளைக் காண விரும்புவோர் விட்டே சிங்கல் கால்வாயோரம் உள்ள நூலகத்துக்கு முன்கூட்டியே எழுதி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். குழந்தைகளோடு செல்வோர், ராப்பன்பர்க் கால்வாயோரம் 1590-இல் அமைக்கப்பட்ட தாவரத் தோட்டத்தையும், எகிப்து அன்பளிப்பாகத் தந்த பழங்கோயில் நிற்கும் தொல்பொருள் அருங்காட்சியகத்தையும் காணலாம். மார்ச் இறுதியிலிருந்து மே நடுப்பகுதிக்குள் சென்றால் அருகிலுள்ள கூகன்ஹோஃப் தோட்டத்தில் துலிப் மலர்கள் பூத்துக் குலுங்கும். காற்று பலமானது; குடையைவிட மழையங்கியே பயன்படும்.

மே 4, இரவு எட்டு மணி

இரண்டாம் உலகப் போரிலும் அதன் பின்னரும் மாண்டோரை நினைந்து, மே 4 இரவு எட்டு மணிக்கு நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனம் காக்கிறது. அந்தச் சனிக்கிழமை நான் தெருவில் இருந்தேன். சைக்கிள்கள் நின்றன, பேச்சு அடங்கிற்று. நின்றவர்களோடு நானும் நின்றேன். அதை எனக்குக் காலையிலேயே சொல்லி அனுப்பியவர் மூதாட்டியார்தாம். நான் குறிப்பேட்டைப் படித்திருக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும் போலும்!

வாசகர்களே! வெளியூர் செல்லும்போது வீட்டார் சொல்லும் குறிப்புகளைக் கட்டுப்பாடுகள் என்று கருதிவிடுகிறோம். நமக்கு அவர்கள் பரிமாறும் முதல் விருந்து அதுவே என்று இப்போது எண்ணுகிறேன். புறப்படும் நாளில் குறிப்பேட்டின் முடிவில் ஒரு வரி சேர்க்க அவரிடம் அனுமதி கேட்டேன். சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டினார். 'இந்தக் குறிப்பேட்டை முதல் இரவிலேயே முழுவதும் படித்துவிடுங்கள்' என்று எழுதி, ஊர் பெயரோடு கையொப்பமிட்டு வந்தேன்.

வஸ்ஸலாம்.