எல்லார்க்கும் உரிய அரங்கு

தென்காசியிலிருந்து குற்றாலத்திற்குச் செல்லும் வழியில் மேலகரம் என்னும் ஊர் உள்ளது. 18-ஆம் நூற்றாண்டில் புகழுடன் விளங்கிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் அதுவே. அவர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி படிப்பதற்கு மட்டும் உரிய நூலன்று. ஆடியும் பாடியும் நடித்தற்கு உரிய நாடகம். 1944-ஆம் ஆண்டில் ருக்மிணி தேவி அதனைச் சென்னைக் கலாசேத்திரத்தின் நாட்டிய நாடகமாக அரங்கேற்றினார்.

நாடகம் கண்ணுக்கும் செவிக்கும் ஒருங்கே விருந்தாவது. ஆயின், கண்ணொளி இழந்தவர்க்கும், செவி கேளாதவர்க்கும், நடக்க இயலாதவர்க்கும் அவ்விருந்தில் இடம் உண்டா? இவ்வினாவிற்கு விடை காண்பதற்குக் கவிராயரின் நூலே ஒரு நல்ல தொடக்கமாகும்.

குறவஞ்சியில் கட்டியங்காரன் வரும்போது பாட்டு அவன் வரவை அறிவிக்கிறது. வசந்தவல்லி வரும்போது அவளுடைய தோற்றமும் அணியும் நடையும் பாட்டிலேயே விளங்குகின்றன. அவள் பந்தடிக்கும்போது, பந்தின் துள்ளலைச் சந்தமே செவிக்கு உணர்த்துகிறது. குறத்தி தன் மலையின் வளத்தைச் சொல்லாலேயே தீட்டிக் காட்டுகிறாள். இறுதியில் சிங்கியைக் கண்ட சிங்கன், அவள் அணிந்துள்ள ஒவ்வோர் அணியையும் சுட்டி, அஃது யாதென வினவுகிறான். அவளும் விடை கூறுகிறாள். இவற்றால், மேடையைக் காண இயலாதவரும் கதையைத் தொடர்ந்து செல்லலாம். செவி கேளாதவர்க்கோ, ஆடுவோரின் கைம்முத்திரையும் முகத்தில் தோன்றும் மெய்ப்பாடும் துணையாகின்றன.

எனினும், பாட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. நடிகர் ஓசையின்றி ஒரு குறும்பு செய்கிறார். அவை முழுதும் நகைக்கிறது. காரணம் அறியாமல் ஒருவர் மட்டும் வாளா இருக்கிறார். கூட்டத்தின் நடுவே அவர் அடையும் தனிமை பெரிது. அருகில் இருப்பவர் மெல்ல எடுத்துக் கூறினால் அத்தனிமை நீங்கும்.

இந்த எளிய உதவி இக்காலத்தில் ஒரு முறையாக வளர்ந்துள்ளது. 1981-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் வாசிங்டன் நகரில் உள்ள அரீனா ஸ்டேஜ் என்னும் நாடக அரங்கில், பார்வை இழந்த மார்கரெட் ஃபான்ஸ்டீல் என்னும் அம்மையாரும் கோடி ஃபான்ஸ்டீல் என்பவரும் இதனைத் தொடங்கினர். உரையாடலின் இடைவெளிகளில், மேடையில் நிகழ்வதை ஒருவர் சுருங்கச் சொல்வார். வேண்டுவோர் செவிக்கருவியின் வழியே அதனைக் கேட்பர். ஏனையோர்க்கு அதனால் இடையூறு இல்லை. இவ்வாறே, செவி கேளாதவர்க்காகச் சைகைமொழி வல்லவர் ஒருவர் மேடையோரம் நின்று உரையாடலைக் கைகளால் உணர்த்துவதும் உண்டு. அவர் நிற்கும் இடத்தில் நல்ல ஒளி வேண்டும். இருளில் அசையும் கை எதனையும் சொல்லாது.

காண்போர்க்காக ஒளியை முறைப்படுத்துதல் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவி ஆடிய அரங்கின் அளவுகளைக் கூறுகிறது. தூண்களின் நிழல் காட்சியை மறைக்காதபடி விளக்கு அமைக்கப்பட்டதையும் கூறுகிறது. காட்சியை மறைக்கும் நிழலை விலக்கிய அவ்வறிவு, வாயிலில் வழியை மறிக்கும் படிகளையும் நோக்குதல் வேண்டும். நான்கு படிகளே ஆயினும், சக்கர நாற்காலியில் வருபவர்க்கு அவை மதிலாகும். ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளமாகச் சாய்வுப்பாதை அமைத்தால் அவர் எளிதில் உள்ளே செல்வார். உள்ளே சென்றவரை ஒரு மூலையில் தனியே நிறுத்துதல் தகாது. சுற்றத்தாரோடும் நண்பரோடும் சேர்ந்து அமர அவர்க்கு இடம் வேண்டும்.

சிலருக்காக இத்துணைச் செலவு செய்ய வேண்டுமா என்று கேட்பார் உளர். சாய்வுப்பாதையில் முதியோரும் செல்வர். குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிவரும் தாயும் செல்வாள். மத்தளம் சுமந்து வரும் கலைஞரும் செல்வார். மேலும், இன்று விரைந்து படியேறும் கால் முதுமையில் தளரும். இன்று கூர்ந்து நோக்கும் கண் மங்கும். அரங்கைச் செம்மை செய்பவர் தம் முதுமைக்கும் இடம் தேடிக்கொள்கிறார்.

இஃது இரக்கத்தால் ஈயும் கொடையுமன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் மற்றவரோடு ஒப்பப் பங்குபெறுவதை அவர்களின் உரிமையாகப் போற்றுகிறது. ஆனால் சட்டம் வாயிலைத் திறக்கலாம்; பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவரின் நெஞ்சைத் திறப்பது பண்பாடே.

பள்ளிகளில் ஆண்டுவிழா நாடகம் நடத்தும் மாணவர், இருக்கைகளை வரிசைப்படுத்தும் முன்னரே இதனை எண்ணுதல் வேண்டும். காண இயலாத தோழர்க்கு யார் கதை சொல்வது? கேளாத தோழர்க்கு உரையாடலை முன்னரே எழுதிக் கொடுக்கலாமா? வேண்டுவது யாதென அவர்களிடமே கேட்டறிதல் சாலச் சிறந்தது. அவ்வாறு கேட்டு அமைத்த அவையில், நகைப்பு எழும்போது ஒருவரும் விடுபடாமல் எல்லாரும் ஒருங்கே நகைப்பர்.